‘ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி இரண்டு வாரமாக வந்துகொண்டிருக்கும் வாசகர் கடிதங்களையும் படித்தேன். எழுதியவர்களில் பாதிப் பேர் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: ஆசிரியர் கையில் மறுபடியும் பிரம்பைக் கொடுங்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு உரித்துவிடுங்கள் என்று எங்கள் அப்பா வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போவார், நாங்கள் கெட்டா போய்விட்டோம்’ என்று இன்னொருவர். பிரம்பு கையில் இருந்த காலத்திலும் வேலை பார்த்தவள் நான். அதனால் எனக்கும் சொல்ல இருக்கிறது.

26 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். முதலில் இடைநிலை ஆசிரியை, பிறகு தமிழ்ப் பட்டதாரி ஆசிரியை. பள்ளி, விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஊர்ப்பெயரை எழுதவில்லை. எழுதினால் நான் சொல்லப்போகும் பிள்ளைகள் யாரென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் பெயரையும் அதனாலேயே விட்டிருக்கிறேன்.

2003-இல் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப்பாடம் எழுதாமல் மூன்றாவது நாளாக வந்த ஒரு பெண்பிள்ளையை மர ஸ்கேலால் உள்ளங்கையில் அடித்தேன். இரண்டு அடி. ‘இன்னொரு கையை நீட்டு’ என்றதும் நீட்டினாள். அந்தக் கை விரல்களின் நுனியில் பசை காய்ந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. ராத்திரி பத்து மணி, பதினொரு மணி வரை அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டியிருக்கிறாள். எங்கள் ஊர்களில் அப்போது வீட்டுக்கு வீடு நடந்த வேலைதான் அது, எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்க்கும்வரை வீட்டுப்பாடத்தையும் அந்த வேலையையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. அவள் அழவில்லை. ‘சரிங்க டீச்சர், நாளைக்கு எழுதிட்டு வாரேன்’ என்றாள். மறுநாள் எழுதியும் வந்தாள். அதாவது அடி பலித்தது. அடித்தால் வேலை நடக்கும் என்பவர்களுக்கு நான் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை, நடக்கும். அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் ‘சரிங்க டீச்சர்’ தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிறகு 2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலானது. அதன் 17-ஆம் பிரிவு உடலைத் தண்டிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. பிரம்பு போனதை எல்லோரும் கவனித்தார்கள். இரண்டாவது பாதியைக் கவனித்தவர்கள் குறைவு. ‘நீயெல்லாம் எதுக்குப் படிக்க வாரே, பயராபீஸுக்குப் போக வேண்டியதுதானே’ என்று பட்டாசு ஆலையைக் காட்டிச் சொல்வதும் அந்தச் சட்டப்படி கூடாததுதான். பிரம்பை எடுத்துக்கொண்டார்களே தவிர, அந்த இடத்தில் என்ன வைப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் வாசகர்களின் கோபம் அந்தக் காலி இடத்தைப் பார்த்து வருவது என்றுதான் நினைக்கிறேன். நான் அதை எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதி எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். எங்கள் வழக்கில் அது ‘பயராபீஸ்’. காலையில் ஆறரை மணிக்கெல்லாம் வேன் வந்துவிடும். அம்மாவும் அப்பாவும் அதில் ஏறிப் போய்விட்டால், தலை சீவி, தம்பி தங்கச்சிக்குச் சட்டை மாட்டி, கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவது ஏழாம் வகுப்புப் பிள்ளை. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, பிள்ளைகள் எங்களுக்குப் பேனாவும் ரோஜாப்பூவும் கொடுத்து முடித்து மதியச் சாப்பாட்டுக்கு நேரம் நெருங்கியபோதுதான் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் பள்ளியிலிருந்து புகை தெரிந்தது. அடுத்த வாரம் பள்ளி நடந்தது, விட்ட இடத்திலிருந்து பாடம் நடத்தினோம். பிள்ளைகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

கொரோனா முடிந்து 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தபோது எனக்கே புதிதாக ஒன்று தெரிந்தது. ஒன்றரை வருடம் கழித்து வந்த பிள்ளைகளுக்கு எழுத்து மறந்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தோம், அதற்கு அரசுத் திட்டங்களாக ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது, ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஆனால் பக்கத்தில் இன்னொரு பிள்ளையோடு உட்காரவும் மறந்திருந்தார்கள். தோள் இடித்தால் அடி. பென்சில் தொட்டால் கடி. ‘ஏன்டா கடிச்சே?’ என்று கேட்டால் ஒரே பதில்தான்: ‘தெரியல டீச்சர், ஒரு மாதிரியா இருந்துச்சு.’

இந்த ‘ஒரு மாதிரி’யை நான் ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். காலையில் சாப்பிடாமல் வந்த பையனுக்கும் ஒரு மாதிரி. அப்பா குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் வந்து சத்தம் போட்டதால் தலையைக் குனிந்துகொண்டவளுக்கும் ஒரு மாதிரி. முதல்முறை வயிற்றுவலி வந்தவளுக்கும், கூடப்பிறந்தவனுக்கு மட்டும் செருப்பு வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கும், செத்துப்போன ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொண்டிருந்தவனுக்கும் எல்லாம் அதே ஒரு மாதிரிதான். பசி, அவமானம், வலி, ஏக்கம், துக்கம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள். மூட்டை கனத்தால் பக்கத்தில் இருப்பவன்மேல் போட்டுவிடுகிறார்கள். இதைப் போய் ஒழுக்கக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூட்டையைப் பிரிக்க வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

நான் தமிழாசிரியை. வார்த்தைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது தொல்காப்பியம்தான் நினைவுக்கு வந்தது. பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மனத்தில் இருப்பது உடம்பில் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியது. ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்கு காரணமும் சொல்லியிருக்கும். படிக்கும் காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததுதான். பழைய மாதக் காலண்டர் தாளை எட்டாகக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் மார்க்கரால் பெரிதாக எழுதி, கரும்பலகைக்குக் கீழே சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். காலையில் ஆறாம் வகுப்புக்குள் வரும் பிள்ளை தனக்கு இப்போது எது என்று ஓர் அட்டையைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். ஏன் என்று சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் ‘பாஸ் டீச்சர்’ என்றால் போதும், யாரும் நோண்டக் கூடாது.

வார்த்தைகளை விளக்கவே ஒரு வாரம் ஆனது. ‘வெகுளின்னா அப்பாவின்னுதானே டீச்சர் அர்த்தம்?’ என்று கேட்டார்கள். இன்றைக்கு அதுதான் அர்த்தம், அந்தக் காலத்தில் அதற்குக் கோபம் என்று பொருள் என்றதும் பயல்களுக்கு ஒரே கொண்டாட்டம். இளிவரலுக்கு என்ன சொல்வதென்று யோசித்து, ‘நம்மள யாராவது மட்டமா நினைக்கும்போது உள்ள ஒண்ணு சுருங்குதுல்ல, அது’ என்றேன். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. 27 பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. பெயர்தான் தெரியாமல் இருந்தது.

முதல் மாதம் எல்லோரும் நகையையே தொட்டார்கள். சிரித்த முகமாக இருந்தால் டீச்சருக்குப் பிடிக்கும் என்ற நினைப்பு. அப்புறம் மருட்கை, அதாவது வியப்பு, அந்த வார்த்தையின் சத்தம் அவர்களுக்குப் பிடித்துப்போனதால். ஆகஸ்ட் வாக்கில்தான் ஒருத்தி இளிவரலில் விரலை வைத்து, ‘அப்பா நேத்து வாசல்கிட்ட வந்து கத்துனாருல்ல டீச்சர், அதான்’ என்றாள். அன்றைக்கு இடைவேளையில் அவளைத் தனியே விடாமல் மூன்று பெண்பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022-23 கல்வியாண்டு. அவனுடைய அம்மா ஓர் ஆலை விபத்தில் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மாச்சி கூட்டிக்கொண்டு வந்தார். ‘டீச்சரம்மா, எம் மக போனதுல இருந்து இவன் ஒரு சொட்டுக் கண்ணீரு விடல. கல்லு மாதிரி திரியுறான். நீங்கதான் பாத்துக்கிடணும் தாயி’ என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த முதல் வாரத்தில் ஒருவனுடைய ஜாமெட்ரி பாக்ஸை மிதித்து நெளித்தான். இரண்டாம் வாரம் ஐந்தாம் வகுப்புப் பையனைக் குழாயடியில் தள்ளிவிட்டு நெற்றியில் காயம். ‘தாயில்லாப் பிள்ளைன்னு பாக்காதீங்க, ரெண்டு போடுங்க, சரியாயிரும்’ என்று உடன் வேலை பார்ப்பவர்களே சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை. நான் தலைமையாசிரியரிடம் கேட்டு அவனை மணியடிக்கப் போட்டேன். எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை யாரிடமும் கேட்காமல் எழுந்து வெளியே போகலாம், இரும்பை இரும்பால் ஓங்கி அடிக்கலாம், திரும்பி வரலாம். அடிக்க வேண்டும் என்று கை துடித்துக்கொண்டிருந்தவனுக்கு அடிப்பதற்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த மாதம் சண்டை குறைந்தது.

ஆனால் தீபாவளிக்கு முந்திய மாதங்களில் எங்கள் பக்கம் ஆலைகளில் பட்டாசை வெடித்துப் பார்ப்பார்கள். சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓட, இவன் மட்டும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். குனிந்து பார்த்தேன். முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தான். என் வாயில் முதலில் வந்தது, நம் எல்லோர் வாயிலும் வருவதுதான்: ‘ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல.’ சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது. ஒன்றுமில்லாமலா அவன் அம்மா போனாள்? அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இந்த வகுப்பில் ‘ஒண்ணுமில்ல’ சொல்லக் கூடாது. சத்தம் கேட்டால் யாரும் ஜன்னலுக்கு ஓடக் கூடாது. எல்லோரும் உள்ளங்கையை மேஜைமேல் பதித்து, மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும், பத்து எண்ணும்வரை. நான் போனில் கேட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்வேன். பெரும்பாலும் ‘வெடிச்சுப் பாக்குறாங்க’ என்பதாகத்தான் இருக்கும். ஒருமுறை மட்டும் அப்படி இல்லை. அன்றும் சொன்னேன், எந்த ஊர் என்பதோடு சேர்த்து. அந்த ஊர்ப் பக்கம் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் குரலைக் கேட்க வைத்தோம். அன்று பாடம் நடக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அட்டை விஷயத்தில் அவன் நாலு மாதம் ‘பாஸ்’தான். டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம், உள்ளே வந்தவன் நின்றான். எல்லோரும் அழுகையைத் தொடுவான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வெகுளியைப் பிடித்துக்கொண்டான். தொடவில்லை, பிடித்துக் கசக்கினான். ‘எங்கம்மா மேலதான் கோவம் டீச்சர். அன்னைக்குக் காச்சல்னு சொல்லுச்சு. போகாதன்னு சொன்னேன். வாரக் கூலி பிடிச்சிருவாங்கன்னு போயிருச்சு’ என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. ‘கோவம் வரத்தான் செய்யும்டா’ என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீடு அவனுடையது. ‘எனக்கும் எங்க சித்தப்பா மேல கோவம் வந்துச்சுடா, ரொம்ப நாளு’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான். இவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். முதல் பீரியட் மணி அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதமாக அடித்தது. தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

இதை ஏதோ மந்திரம் என்று எழுதவில்லை. அவன் அதற்குப் பிறகும் சண்டை போட்டிருக்கிறான். இன்னொரு பையன், தினமும் பெருமிதத்தைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தவன், எட்டாம் வகுப்பு முடித்ததும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்த அட்டையால் அவனை நிறுத்த முடியவில்லை. அட்டையில் சொன்னதை வெளியே போய்க் கேலி பண்ணிய சம்பவமும் ஒருமுறை நடந்தது. அன்றைக்கு எட்டு அட்டையையும் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துப் பிள்ளைகளே வந்து, ‘இனிமே யாராவது வெளிய சொன்னா ஒரு வாரம் அவன்கூட காய்’ என்று சட்டம் போட்டு வாங்கிப் போனார்கள்.

காய், பழம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கட்டைவிரலை முகவாயில் வைத்துக் காய் விடுவதும், இரண்டு விரலை நீட்டிப் பழம் விடுவதும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராத சமாதான முறை. சண்டை முடிந்துவிட்டது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள ஒரு சடங்கு இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். நான் இடையில் ஒரே ஒரு படியைத்தான் சேர்த்தேன். பழம் விடுவதற்கு முன்னால், ‘நீ இப்படிச் செஞ்சப்ப எனக்கு இது வந்துச்சு’ என்று அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டும். எதிராளி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘நான் அவன் அக்காவைப் பத்திப் பேசுனப்ப அவனுக்கு இளிவரல் வந்துச்சாம்’ என்று ஒரு பதினொரு வயதுப் பயல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லும்போது, சண்டையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். எந்தப் பிரம்பும் இந்த வேலையைச் செய்யாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பட்டியலினத்து மாணவன் ஒருவனைக் கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் ஜாதியைக் காட்டும் கலர்க் கயிறு கட்டக் கூடாது, அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பதெல்லாம் பேசப்பட்டது. நான் அவற்றை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கயிறு கையில் ஏறுவது ஒன்பதாம் வகுப்பில். மனத்தில் ஏறுவது மூன்றாம் வகுப்பிலேயே. யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாம், யாருடைய டிபன் பாக்ஸில் கை வைக்கக் கூடாது என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டுகிற வேலை, தண்ணீர் தூக்குகிற வேலை, பரிமாறுகிற வேலை எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று எங்கள் வகுப்பில் வைத்திருக்கிறோம். ஒரு வருடம் ஓர் அப்பா வந்து, ‘எம் மகன் எதுக்கு டீச்சர் கூட்டணும்?’ என்று கேட்டார். ‘சீட்டுல வந்திருக்குங்க, நாளைக்கு எனக்கு வந்தாலும் நான் கூட்டுவேன்’ என்றேன். அடுத்த வாரம் எனக்கு வந்தது, கூட்டினேன். அவர் மறுபடி வரவில்லை.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். பிள்ளைகளைப் பேச வைத்தால் சில சமயம் நாம் தாங்க முடியாத ஒன்று வெளியே வரும். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்’ என்று கேட்பார்கள். பண்ணாதீர்கள். ‘உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்’ என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் புகார் கொடுப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நம் கடமை, மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக்கல்வி உதவி எண் 14417-ஐயும் சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு எழுதிவையுங்கள். பெரியவர்கள் கண் மட்டத்துக்கு எழுதி என்ன பிரயோஜனம்?

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் வைத்த ‘மாணவர் மனசு’ பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல யோசனை. எங்கள் பள்ளியில் அதில் விழுந்த முதல் சீட்டு, கோணல் எழுத்தில்: ‘பொம்பளைப்பிள்ளைங்க கக்கூஸ் கதவுக்கு தாப்பாள் இல்ல.’ விசாரித்தால், ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மாலை நாலு பத்து வரை தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே என்று. மதியத்துக்கு மேல் தலைவலி, எரிச்சல், சண்டை, அப்புறம் வழக்கம்போல ‘ஒரு மாதிரியா இருக்கு’. இந்தப் பிள்ளைகளுக்கு நான் மனவளர்ச்சி பற்றி என்ன சொல்லிக் கொடுத்து என்ன? சாத்தூரில் ஒரு தாழ்ப்பாள் அறுபது ரூபாய்க்கு வாங்கி வந்து போட்டோம். பிள்ளைகளின் மனசு என்று பேசும்போது முதலில் கதவைப் பார்க்க வேண்டும், வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளி வரைக்கும் வந்தபோது, காலை முதல் பீரியடில் ஒன்று முதல் ஐந்து வரையிலான பிள்ளைகளின் அழுகையும் சண்டையும் குறைந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்களுடையது நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு அக்கா தம்பியைக் கூட்டிவந்து உட்காரவைத்து, அவன் கிச்சடி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தூண் ஓரத்தில் நிற்பாள். அவளும் ஆறரை மணி வேனுக்கு அம்மாவை அனுப்பிவிட்டு வெறும் வயிற்றோடு வந்தவள்தான்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் மகிழ்ச்சிப் பாடவேளை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதற்குத் தேர்வு வைக்கவில்லை. நம் ஊரில் அப்படி ஒன்று வந்தாலும் தயவுசெய்து மதிப்பெண் வைக்காதீர்கள் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ‘பரிவு: பத்துக்கு எட்டு’ என்று போட ஆரம்பித்தால் பிள்ளை பரிவாக நடிக்கக் கற்றுக்கொள்ளும், எங்கள் வகுப்பில் முதல் மாதம் எல்லோரும் நகையைத் தொட்டதுபோல. அதேபோல இதற்கென்று ஒரு படிவம், ஒரு செயலி, ஒரு போட்டோ என்று வேண்டாம். காலையில் பிள்ளைகள் உள்ளே வரும் அந்தப் பத்து நிமிடம்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் நான் போனைக் குனிந்து பார்த்து வருகையைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறேன். சிக்னல் கிடைக்காமல் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கும் டீச்சரிடம், எந்தப் பிள்ளை வந்து ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று சொல்லும்? வருகைப் பதிவை முதல் பீரியட் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு வந்தால் போதும். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

செலவு உள்ள கோரிக்கை ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் அழுத அன்று எனக்கு வார்த்தை வரவில்லை என்று எழுதினேன். வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றதால் தப்பித்தேன். எல்லா நாளும் அப்படி ஒருவன் எழுந்து நிற்க மாட்டான். நான் தமிழ் நடத்தப் பயிற்சி பெற்றவள். ஒரு குழந்தையின் துக்கத்தை எதுவரை தோண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை. ஒரு குறுவளமையத்துக்குக் கீழே, அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த ஒரு தொகுப்பில், உள்ள பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஓர் உளவியல் ஆலோசகரை, நிரந்தரமாக, வாரம் ஒருநாள் ஒரு பள்ளி என்று அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உதவி. வருடத்துக்கு ஒருமுறை வந்து மைக்கில் தன்னம்பிக்கை பற்றிப் பேசிவிட்டுப் போகிறவர் வேண்டாம். அடுத்த வாரமும் வருவார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் இந்த வாரம் பேசும். அதிலும் எங்கள் பகுதி போன்ற இடங்களுக்கு, விபத்து நடக்கும் ஊர்களுக்கு, முதலில் கொடுங்கள்.

அப்படி ஒருவர் வந்தால் உட்காருவதற்குப் பள்ளியில் இடம் இல்லையே என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். சத்துணவு அரிசி மூட்டை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருக்கும் ஒரு சின்ன அறை இருக்கிறது. பெஞ்சுகளை அப்புறப்படுத்தி, வெள்ளையடித்து, ஒரு பாயும் இரண்டு நாற்காலியும் என் சொந்தச் செலவில் போட்டுத் தருகிறேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அதையும் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
வெம்பக்கோட்டை வட்டாரம், விருதுநகர் மாவட்டம்.